கம்பிக் கட்சியும் கம்பியில்லாக் கட்சியும்

என் மாமனார் ஒரு பொருளை வாங்கினால் முதலில் அதற்கு உறை தைப்பார். அது வேலை செய்கிறதா என்று பார்ப்பதெல்லாம் பிறகுதான். பேருந்துப் பணிமனையில் இருக்கைகளுக்கு உறை தைத்தே ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான் கொடுத்தார்களே தவிர, அவருடைய தையல் மெஷினுக்குக் கொடுக்கவில்லை. டிவிக்கு உறை, மிக்சிக்கு உறை, ஃபேன் ரெகுலேட்டருக்குக்கூட ஒரு குட்டி உறை. வீட்டுக்கு வரும் நண்பர்களிடம், அசையாமல் இரண்டு நிமிடம் உட்காராதே, உனக்கும் அளவெடுத்துவிடுவார் என்று சொல்லிச் சிரிப்பேன். அவரும் கூடவே சிரிப்பார். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. இதைச் சொன்னதும் சிலர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்க்கும். பார்த்துவிட்டுப் போகட்டும். என் தொழில் செயற்கைப் பல் செய்வது. பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நான் மெழுகில் பல்லைச் செதுக்கி, வார்த்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஏற்ப நிறம் கொடுப்பேன். லேபில் முடியாத வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் கடை விரிப்பேன். ஒருமுறை ஒரு கடைவாய்ப்பல் உப்பு ஜாடிக்குள் விழுந்துவிட்டது. என் மனைவி அதைக் கரண்டியோடு எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டிய காட்சியை நினைத்தால் இன்றைக்கும் பசி போய்விடும்.

அந்த வீட்டில் நல்ல வெளிச்சத்தோடு ஓர் அறை சும்மா கிடந்தது. சும்மா என்பது என் கணக்கு. மாமனார் அதில் அட்டைப்பெட்டிகளைக் குடி வைத்திருந்தார். பொருள் உடைந்து, தூக்கிப் போட்டு, அதன் பெயரே மறந்துபோன பிறகும் பெட்டி மட்டும் பத்திரமாக இருக்கும். அறையைக் கொடுங்கள் மாமா என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். பார்க்கலாம் மாப்பிள்ளை என்பார். அவ்வளவுதான். எனக்கு அறை வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அதைவிட, அந்த வீட்டில் என் பேச்சு ஒரே ஒரு தடவையாவது எடுபட வேண்டியிருந்தது. நான் காட்டுக்கத்தலாகக் கத்தினாலும் மாமனார் ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டேதான் கேட்பார்.

இந்த நேரத்தில்தான் மனைவி மாமனாருக்கும் எனக்கும் ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கி வந்தாள். நான் கூடவே ஒரு வயர்லெஸ் சார்ஜர் வாங்கினேன். சின்னத் தட்டு மாதிரி இருக்கும். போனை அதன் மேல் வைத்தால் போதும், சார்ஜ் ஏறும். மாமனார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்பி இல்லாமல் ஏறுகிற கரண்ட் கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைத் தின்றுவிடும் என்றார். ஏதோ வீடியோவில் பார்த்தாராம். நான் அதற்கு நேர் எதிராகச் சொல்லும் வீடியோ ஒன்றைக் காட்டினேன். அவர் இன்னொன்றைக் காட்டினார். வீடு இரண்டு கட்சியாகிவிட்டது. தினமும் சாப்பாட்டு மேசையில் அவர் கம்பிக் கட்சி, நான் கம்பியில்லாக் கட்சி.

என் மனைவிக்கு நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை. நாள் முழுவதும் இரு தரப்பு வாதத்தையும் அடித்துவிட்டு வருபவள். ஒருநாள் பொறுமை போய்விட்டது.

“அங்க இதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. இங்க நான் ஓசியிலயா கேக்கணும்?”

அவளே தீர்ப்பும் சொன்னாள். ஒரு வருடம் மாமனார் கம்பியில் சார்ஜ் போட வேண்டும், நான் தட்டில் போட வேண்டும். முடிவில் யாருடைய போன் பேட்டரியின் ஆரோக்கியம் அதிகம் என்று காட்டுகிறதோ அவர் கட்சி ஜெயித்தது. நான் ஜெயித்தால் அறை எனக்கு. அவர் ஜெயித்தால் நான் அறையைப் பற்றி இனி வாயைத் திறக்கக் கூடாது. மாமனார் கொஞ்சம் தயங்கினார். பிறகு சரி என்றார்.

நான் விஷயம் தெரியாமல் இறங்கவில்லை. பேட்டரிக்கு எமன் சூடுதான். தட்டில் வைக்கும்போது கம்பியைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும், அது உண்மை. அதைச் சமாளித்துவிட்டால் பயமில்லை. போன் தட்டின் நடுவில் சரியாக உட்கார வேண்டும். ஓரமாக இருந்தால் கரண்ட் வீணாகிச் சூடு ஏறும். தடித்த கவரைக் கழற்றிவிட வேண்டும். காற்றோட்டம் வேண்டும். இதையெல்லாம் நான் மாமனாருக்குப் பாடமாகவே எடுத்தேன். லேப் தாமதமாகத்தான் திறக்கும் என்பதால், காலையில் போனைக் கூடத்து அலமாரியில் இருந்த தட்டில் குழந்தையைக் கிடத்துவது போலக் கிடத்திவிட்டு நடைக்குப் போவேன். திரும்பி வந்து எடுத்துக்கொள்வேன்.

ஆறேழு மாதத்தில் என் போன் மதியத்துக்கே மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆரோக்கியம் காட்டும் எண் படியிறங்கிக்கொண்டே போனது. ஒருநாள் மருத்துவர் ஒருவர் நோயாளியின் பல் நிறத்தைப் படமெடுத்து அனுப்பியபோது என் போன் செத்துக் கிடந்தது. நான் குத்துமதிப்பாக ஒரு நிறம் கொடுத்தேன். அந்த மனிதர் வாயைத் திறந்தால் அந்தப் பல் மட்டும் டியூப்லைட் மாதிரி எரிந்ததாம். மருத்துவர் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

மாமனாரின் போனோ கல்லுக்குண்டாக இருந்தது. அவர் அதைப் பீற்றிக்கொண்டிருந்தாலாவது நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். அவர் என் போனைக் கையில் எடுத்துப் பார்த்து, பாவம் என்று முகம் வாடினார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அறை கைநழுவிப் போகிறது என்பது தெரிந்துவிட்டது.

வருடம் முடியும் தறுவாயில் ஒருநாள் காலை, நடைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. குடை எடுக்கத் திரும்பி வந்தேன். அலமாரியில் என் போனைக் காணோம். தட்டையும் காணோம். அந்த இடத்தில் குட்டி மெத்தை மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது. பழைய கம்பளியில் தைத்து, உள்ளே பஞ்சு வைத்து, ஓரத்தில் எலாஸ்டிக் கோர்த்த உறை. தூக்கினேன். உள்ளே என் போன் இஸ்திரிப்பெட்டி போலச் சுட்டது.

நான் போட்ட சத்தத்தில் மனைவி பாதிப் பின்னலோடு ஓடி வந்தாள். மாமனார் சமையலறை வாசலில் நின்றார். சதி என்றேன். நம்பிக்கைத் துரோகம் என்றேன். ஒரு அறைக்காக இப்படியா என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். மனைவிதான் அவரை உட்காரவைத்து, என்னப்பா இது என்று கேட்டாள்.

“தூசி படுமேன்னு போட்டேம்மா. நேத்து இன்னிக்கு இல்ல, வாங்குன மாசத்துலேருந்தே போடறேன். அந்த அலமாரி உயரம். கீழ விழுந்தாலும் அடிபடக் கூடாதுன்னு உள்ள பஞ்சு வச்சேன்.”

சூடாகும் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேனே மாமா என்றேன். போனுக்குப் போட்டிருக்கும் கவரைத்தானே கழற்றச் சொன்னீர்கள், இது வெளியே போடும் உறை ஆயிற்றே என்றார். முகத்தில் துளிக் கள்ளம் இல்லை. உறை என்றால் காப்பாற்றும் என்று வாழ்நாளெல்லாம் நம்பியவர்.

“அப்ப நான் வர்றதுக்குள்ள ஏன் எடுத்து ஒளிச்சு வச்சீங்க?”

“நீங்க சிரிப்பீங்க மாப்ள.”

அவர் சிரித்துக்கொண்டே கேட்டதாக நான் நினைத்த அத்தனை கேலியும் என் காதில் ஒலித்தது. வெட்கமாக இருந்தது.

மனைவி இரண்டு போனையும் வாங்கிப் பார்த்தாள். அவருடையது தொண்ணூற்று நான்கு சதவீதம், என்னுடையது எழுபத்திரண்டு. ஒரு தரப்பு மற்றத் தரப்பின் சாட்சியைப் போர்வை போர்த்திக் கெடுத்துவிட்டதால் வழக்கு தள்ளுபடி என்றாள். கம்பி நல்லதா, தட்டு நல்லதா என்பது இனிக் கடவுளுக்கே வெளிச்சம். பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். போகட்டும், அந்தப் பெட்டிகளுக்காகவா இவ்வளவு பிடிவாதம் என்று கேட்டாள்.

மாமனார் வேட்டி நுனியை நீவிக்கொண்டே இருந்தார்.

“பெட்டிய எப்ப வேணாலும் தூக்கிப் போட்டுரலாம். ரூம குடுத்தா அவரு கதவச் சாத்திக்குவாரு. இப்ப மேசைல எதிர்ல உக்காந்து எதையாவது பேசிட்டிருக்காரு. சண்டையோ என்னவோ. உங்கம்மா போனதுக்கப்பறம் எனக்கு எதிர்ல உக்காந்து பேச யாரு இருந்தாங்க, சொல்லு.”

மழை விட்டிருந்தது. என் பேச்சு அந்த வீட்டில் எடுபடவில்லை என்று நான் புழுங்கிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்பதற்காகவே ஒரு மனிதர் ஒரு அறையை அடைத்து வைத்திருந்திருக்கிறார். போன் பாழானதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

“மாமா, என் மேசையோட உங்க மெஷினையும் அந்த ரூம்லயே போட்டுக்கலாம். வெளிச்சம் நல்லா இருக்கு.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டிகள் எல்லாம் போயின. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என் மேசை, அந்தப் பக்கம் அவருடைய மெஷின். நான் ஒரு முன்பல்லை எடுத்துச் செதுக்க ஆரம்பித்தேன். நான் ஒன்றும் கேட்காமலேயே, பேட்டரியை நூறு வரை ஏற்றக் கூடாது, எண்பதில் நிறுத்த வேண்டும் என்று புதிதாக ஒன்றைக் கிளப்பினார். அதெப்படி மாமா என்று கத்தியைக் கீழே வைத்தேன். மனைவி சாப்பிடக் கூப்பிடும்வரை அந்தப் பல்லில் ஒரு ஓரம்கூட முடியவில்லை.