அரை மூச்சுத் தாமதம்

அந்த இணைய விளையாட்டில் படகைத் தனியாக ஓட்ட முடியாது. ஒரு துடுப்பு ஒருவருக்கு, மறு துடுப்பு இன்னொருவருக்கு. இரண்டும் சேர்ந்து விழுந்தால் படகு நேரே போகும். இல்லையென்றால் செக்குமாடு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றும்.

அந்த விளையாட்டை ஓட வைக்கும் சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அலுவலகத்தின் பின்னறையில், உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, ஒரே ஒரு சர்வர் கணினி உறுமிக்கொண்டிருக்கும். உலகத்தின் எந்த மூலையிலிருந்து விளையாட வந்தாலும் அந்த அறைக்குத்தான் வந்தாக வேண்டும். தூரத்தில் இருப்பவர்களின் துடுப்பு அரை மூச்சு தாமதமாகவே விழும். கூட ஓட்டுகிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள்.

அவள் திட்டியதில்லை. வேலை முடிந்ததும் அவளும் படகில் ஏறுவாள். விளையாட்டில் அவள் பெயர் சுண்டெலி. அவளோடு துடுப்புப் போடுகிறவரின் பெயர் உப்புமூட்டை. சின்ன வயதில் அவளுக்குச் சுண்டெலி என்று பட்டம் வைத்ததும், அவளை முதுகில் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக ஓடியதும் ஒரே ஆள்தான். கடலுக்கு அப்பால் வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா.

அம்மா இறந்த அன்று அக்காவின் விமானம் தாமதமாகிவிட்டது. காத்திருக்கலாமா என்று எல்லோரும் தங்கையின் முகத்தைப் பார்த்தார்கள். "வேண்டாம், எடுத்துடலாம்" என்று சொன்னது அவள்தான். பொழுது சாய்ந்த பிறகு வந்து சேர்ந்த அக்கா, கழுவிவிட்ட கூடத்து ஈரத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். திரும்பிப் போனவள் அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

ஆனால் ஒருநாள் படகுத்துறையில் உப்புமூட்டை வந்து நின்றது. ஒரு நலம் விசாரிப்பு இல்லை, ஒரு எழுத்துக்கூட இல்லை. வந்தது, ஏறியது, துடுப்பை எடுத்தது. தங்கை தன் துடுப்பைத் தூக்கிப் பிடித்து அரை மூச்சு காத்திருப்பாள். அக்காவின் துடுப்பு கடல் கடந்து வந்ததும் தன்னுடையதைப் போடுவாள். படகு நேரே போகும். அன்று காத்திருக்காதவளுக்கு ஒவ்வொரு துடுப்புக்கும் காத்திருக்க ஒரு வாய்ப்பு. ஆண்டவன் தண்டனையைக்கூட இப்படிக் கை வலிக்காமல் கொடுப்பான் என்று நினைத்துக்கொள்வாள்.

"அந்தப் பின்னறைப் பூதத்தைத் தலைமுழுகிடலாம்மா" என்றார் ஒருநாள் அவளுடைய மேலாளர். அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'தலை' என்றுதான் கூப்பிடுவார்கள். "கிளவுடுக்குப் போயிடலாம். ஒவ்வொரு நாட்டுலயும் ஒரு சர்வரை வாடகைக்கு எடுப்போம். யாரு எங்க இருக்காங்களோ அவங்களை அதுக்குக் கிட்ட இருக்கறதுல போட்டுடு. தாமதமே இருக்காது."

"தூரத்துல இருக்கற ஃப்ரெண்ட்ஸ் பிரிஞ்சுடுவாங்களே, தலை?"

"ரெண்டு பேரும் 'நண்பர்'னு பட்டனை அழுத்தியிருந்தா ஒண்ணாவே வை. அழுத்தலேன்னா யாரோ எவரோதானே?"

"அதுவும் சரிதான்" என்று அந்த விதியைத் தன் கையாலேயே எழுதினாள்.

அக்காவை அவள் நினைக்கவே இல்லை. பட்டன் என்றதும் மற்றவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள். கூடப்பிறந்தவளை நண்பர் என்று யாராவது பட்டன் அழுத்திச் சேர்ப்பார்களா?

புது சர்வர்கள் ஓடத் தொடங்கிய காலையில் திரையெங்கும் பச்சை. அலுவலகப் பையன்கள் கை தட்டினார்கள். "கல்யாணப் பொண்ணு மாதிரி சிரிம்மா, ஏன் உம்முனு இருக்கே?" என்றார் தலை. சிரித்தாள்.

அன்று மாலை அவள் படகில் யாரோ ஏறினார்கள். பழக்க தோஷத்தில் அவள் கை அரை மூச்சு நின்றது. படகு கிறுகிறுவென்று சுற்றியது. 'தூங்கறியா?' என்று எழுதிவிட்டு அந்த ஆள் இறங்கிப் போனார். மறுநாளும் உப்புமூட்டை வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அக்காவுக்கு மறுபடி கோபம் போல என்று இருந்துவிட்டாள்.

புகார் எதுவும் உண்டா என்று தூர தேசத்து சர்வரைத் திறந்தபோதுதான் பார்த்தாள். உப்புமூட்டை அங்கே நாள் தவறாமல் வந்திருந்தது. படகில் ஏறாமல் துறையிலேயே நின்றுவிட்டுப் போயிருந்தது. கடைசியில் தன் கணக்கையே அழித்திருந்தது.

மாடிப்படியில் உட்கார்ந்து, அழைக்கவே அழைக்காத அந்த எண்ணை அழைத்தாள்.

"யாரு?"

"நான்தான்க்கா."

மறுமுனையில் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் சத்தம்.

"சர்வரை மாத்தினோம்க்கா. அதுல நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் ஆயிட்டோம். நான் வராம இல்ல."

"மாத்தினது யாரு?"

"நான்தான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?" அக்காவின் குரல் உயரவே இல்லை. "அன்னைக்கும் ஒரு வார்த்தைதான் கேட்டேன். கொஞ்சம் இருங்கன்னு. நின்னு நின்னு பார்த்தேன்டி. சரி, இங்கயும் எடுத்துட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

"வேற பேர்ல வாக்கா. நான் ஒண்ணா சேர்த்துடறேன்."

"இன்னொரு தடவை முதுகுல ஏத்த முடியாதுடி. வலிக்குது."

"யாரு ஃபோன்ல?" என்று அத்தானின் குரல் கேட்டது.

"யாருமில்ல" என்றாள் அக்கா. இணைப்பு அறுந்தது.

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து தன் விதியைத் திறந்தாள். வெகுநாள் ஒரே படகில் துடுப்புப் போட்டவர்கள் பட்டன் அழுத்தாவிட்டாலும், பிரிப்பதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சேர்த்தாள். கேள்வியையும் அவளே எழுதினாள்: 'உங்கள் துணை தூரத்தில் இருக்கிறார். காத்திருப்பீர்களா?'

தலை எட்டிப் பார்த்தார். "இது யாருக்கும்மா? ஒரு புகாரும் வரலியே."

"பேச்சே இல்லாதவங்க எப்படி தலை புகார் பண்ணுவாங்க?"

அவர் திரையில் இருந்த கேள்வியை ஒருமுறை படித்துவிட்டு, "சரி, போட்டுடு" என்று நகர்ந்தார்.

சில நாள் கழித்துத் திரையில் ஒரு படகைப் பார்த்தாள். ஒரு துடுப்பு தூக்கியபடி நின்றது. அரை மூச்சு கழித்து மற்றது வந்து சேர்ந்தது. படகு நேரே போனது. யார் பெற்ற பிள்ளைகளோ, நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

பக்கத்திலேயே அவளுடைய படகு ஒரு துடுப்புக்கு ஆள் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அவள் ஏறவில்லை.