சந்தேகத்துக்குக் குறியீடு இல்லை

“எங்கம்மா வரவே இல்லன்னா என்ன பண்ணுவீங்க?” என்று ஒரு காலத்தில் ஆறு வயதுச் சிறுமி நெல் கேட்டாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னா ஹீட்டரைக் கூட்டினாள். “ரெண்டு பேரும் இங்கயே கிழவியாயிட வேண்டியதுதான், கண்ணு.”

நெல்லின் அம்மா லொரெட்டா பனியில் சிக்கியிருந்தாள். அவள் வந்து சேரும்வரை வெர்னா பேருந்தை நகர்த்தவே இல்லை. அதற்காக மேலதிகாரியிடம் திட்டும் வாங்கினாள்.

நெல் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். லொரெட்டா அதே ஓஹையோ ஊரின் மருத்துவமனையில், இன்சூரன்ஸ் கணக்குக்காகக் கோப்புகளைப் பார்த்து நோய்களுக்குக் குறியீடு போடுகிறாள். வார்டில் சேர்ந்திருந்தவர்களுக்கு டாக்டர் கடைசிவரை ‘அநேகமாகப் புற்றுநோய்’ என்றே எழுதியிருந்தால், புற்றுநோய் என்று குறிக்கலாம். வந்து காட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு அப்படிக் கூடாது. அங்கே சந்தேகத்துக்குக் குறியீடு இல்லை. ‘மார்பில் கட்டி’ என்பதோடு நிறுத்த வேண்டும். வாரம் முழுக்க வார்டுக் கோப்புகளிலேயே பழகிய கை, ஒரு வெள்ளிக்கிழமை, வெளியிலிருந்து வந்த ஒருத்திக்கும் புற்றுநோய் என்றே போட்டுவிட்டது. பெயரைக்கூட லொரெட்டா கவனிக்கவில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து எல்லாரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வெர்னா சொன்னாள்: “ஆயுள் இன்சூரன்ஸ் கேட்டேன், மாட்டேன்னுட்டான். ஆஸ்பத்திரிக் கணக்குல எனக்குக் கேன்சராம். டாக்டரோ ஊசியால உறிஞ்சிப் பாத்துட்டு வெறும் நீர்க்கட்டின்னாரு. சாகப்போறவகிட்ட முதல்ல சொல்ல வேண்டாமா?” சிரித்தாள். பிறகு குரல் இறங்கியது. “நான் போனப்புறம் வேடுக்கு ஆகட்டும்னுதான் கேட்டேன். அடுத்த மாசம் எனக்கு அறுபத்தஞ்சு. அப்புறம் அந்தப் பாலிசியே கிடையாதாம்.”

வேடு அவளுடைய தம்பி. ஐம்பது வயது ஆனாலும் மனசு குழந்தை. அக்காவை விட்டால் அவனுக்கு யாரும் இல்லை.

லொரெட்டாவின் கையில் காப்பி ஆறிப்போயிற்று. கோப்பில் உள்ளதை வெளியே பேசக் கூடாது.

மறுநாள் கோப்பைத் திறந்து பார்த்து, அது தான் போட்ட குறியீடுதான் என்று கண்டு, மேலாளர் ஜனீனிடம் தானே போய்ச் சொன்னாள்.

“திருத்தியாச்சு. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் வெர்னாவுக்கும் கடிதம் போகும்” என்றாள் ஜனீன். “நீ அவங்ககிட்ட வாயத் திறந்தா வேலை போயிடும்.”

“போகட்டும். பாலிசி கிடைச்சிடுமா?”

ஜனீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “கம்பெனி மறுபடி பரிசீலிக்க மூணு மாசமாவது ஆகும், லொரெட்டா.”

வெர்னாவின் பிறந்தநாள் வந்தது, போயிற்று. மருத்துவமனையின் மன்னிப்புக் கடிதத்தில் தவறு செய்தவரின் பெயர் இல்லை. லொரெட்டா தினமும் முழங்காலில் நின்றாள். ஜெபத்துக்குச் சொற்கள் வரவில்லை. வெர்னாவுக்குப் பிறகு வேடை எங்கோ ஒரு காப்பகத்தில், தெரியாத கைகள் குளிப்பாட்டும் காட்சிதான் வந்தது.

ஜனவரியில் ஒரு மாலை பனி கொட்டியது. பள்ளிப் பேருந்துகள் எல்லாம் தாமதம். குல்லாய்கூட இல்லாமல் வேடு வீட்டு வாசலில் நின்று, அக்கா வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தான். தெருவின் எதிர்ப்பக்கம், விளக்கை அணைத்துவிட்டு லொரெட்டா தன் காரில் உட்கார்ந்திருந்தாள். அவன் எந்தப் பக்கமாவது நடக்கத் தொடங்கினால் இறங்கி ஓடுவதற்குக் கதவின் பிடியில் கையை வைத்திருந்தாள்.

இருட்டிய பிறகு வெர்னாவின் வண்டி வெளிச்சம் முனையில் திரும்பியது. லொரெட்டா விளக்குப் போடாமலே காரைப் பின்னால் நகர்த்தி, பக்கத்துச் சந்தில் மறைந்தாள். அவள் போன தடத்தின் மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.