பேரிக்காய்க்காரியின் ஜெபம்

ஞானப்பூவிடம் பேரிக்காய் வாங்கினால் ஜெபம் இலவசம். கொடைக்கானலில் பஸ் நிற்கும் இடத்தில் கூடை வைத்திருந்தவள், காயை நிறுத்துப் போட்டதும் வீட்டில் என்ன குறை என்று கேட்பாள். சொல்லிவிட்டால் போச்சு. அங்கேயே கண்ணை மூடி, ஆள் பேரையும் குறையையும் ஏசுவிடம் உரக்க ஒப்பித்துவிடுவாள். அவள் சபையில் அப்படித்தான் பழக்கம். ஆண்டவரிடம் பூசி மெழுகக் கூடாது, பாருங்கள். வாங்குகிறவர்களில் பாதிப் பேர் பழனி முருகனைக் கும்பிடுகிறவர்கள். அவர்களும் சிரித்தபடி நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

பக்கத்தில் காப்பிக்கடை போட்டிருந்த கந்தம்மாளுக்கு ஞானப்பூ என்றால் உயிர். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை மட்டும் அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. மகள் சண்முகசுந்தரியைப் பெண் பார்க்கப் பழனி அடிவாரத்திலிருந்து வருகிறார்கள். பெண்ணுக்கு இடது காது கேட்காது. அதைச் சொன்னதால்தான் முன்பு வந்த வரன்கள் தட்டிப்போயின. இந்தத் தடவை தாலி ஏறும்வரை மூச்சு விடுவதில்லை என்று கந்தம்மாள் முடிவு கட்டியிருந்தாள்.

"இன்னிக்கு ஒருநா ஒன் வாயக் கட்டிக்க தாயி. அவுக கோயில் சோலியா இருக்கவுக" என்று கெஞ்சினாள். மறைப்பது ஞானப்பூவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அக்கா என்று அவள் கூப்பிடும் கந்தம்மாளின் கண்ணில் நின்ற தண்ணீரைப் பார்த்த பிறகு தலையை ஆட்டாமல் என்ன செய்வாள்?

பழனி பஸ் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பாப்பம்மாள் இறங்கினாள். இறங்கினாள் என்பதைவிட விழுந்தாள் என்பதுதான் சரி. மலைப்பாதை வளைவுகள் குடலைப் புரட்டியிருந்தன. பேரிக்காய்க் கூடைக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்து, அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கந்தம்மாள் சுக்குக்காப்பி எடுக்க ஓடினாள். ஞானப்பூ வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள், முதுகை நீவினாள். அதோடு விட்டிருக்கலாம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, தலையில் கை வைத்துக் கண்ணை மூடிவிட்டாள். மூடிவிட்டால் அப்புறம் அவளுக்கு உலகம் கிடையாது.

"ஏசப்பா, இந்தத் தாயி தலைசுத்தல நீக்குங்க. நம்ம சண்முகசுந்தரியப் பாக்க வந்திருக்காக. அந்தப் புள்ளைக்கு எடது காது கேக்காதுன்னு சொல்ல எங்கக்காவுக்குத் தைரியம் வரல. அதையும் குடுங்க. ஆமென்."

கண்ணைத் திறந்தால் எதிரே டம்ளருடன் கந்தம்மாள். அப்போதுதான் செய்த காரியம் உறைத்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. இத்தனை வருஷச் சிநேகமும் ஒரு பெண்ணின் வாழ்வும் தன் வாயால் போயிற்றே என்று தவித்தாள். கந்தம்மாள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாப்பம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உங்கள் சாமியிடம் எதையுமே மறைக்க மாட்டீர்களா என்று கேட்டாள். மறைத்தால் அது ஜெபமாகாதே என்று ஞானப்பூ தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தாள்.

"அப்ப மறுபடி கண்ண மூடுங்க" என்றாள் பாப்பம்மாள். "எம் மவனுக்குத் திக்குவாய். அதுக்குப் பயந்துதான் அவன வீட்டுல விட்டுட்டு வந்தேன். எப்படிச் சொல்றதுன்னு வழி நெடுக முழுங்கிக்கிட்டே வந்தேன். நீங்க சத்தமாச் சொல்லுங்க, அந்தம்மா காதுல விழட்டும்."

ஞானப்பூ சொன்னாள். ஊருக்கே கேட்கிற அந்தக் குரல் முதல்முறையாகத் தழுதழுத்தது. முடிக்கும்போது கந்தம்மாளும் பக்கத்தில் உட்கார்ந்து விசும்பிக்கொண்டிருந்தாள்.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு டம்ளரை நீட்டினாள்.

"குடிங்க சம்பந்தி, ஆறிப் போகுது."