கோட்டின் முதுகுப்பக்கம்

"மாப்பிள்ளை எங்கே?" என்று கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "நான்தான்," என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாதென்று சேர்த்துத்தான் சம்பளம் கொடுப்பார்கள் போலிருக்கிறது. முன்வழுக்கையைத் தடவிக்கொண்டு, "வாழ்த்துகள் ஐயா," என்றார். அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னேன். மாப்பிள்ளை என் மகன். கப்பலில் இஞ்சின் அறையில் வேலை. கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் கரையிறங்குவான். அதற்குள் கோட்டு தயாராக இருக்க வேண்டும். அவனுக்கும் எனக்கும் ஒரே உடம்பு. அவனுக்குப் பதில் நான் போட்டுக் காட்டுவேன், அவன் போனில் பார்த்து விருந்துக்குப் போடுகிற டக்சீடோவா, சாதாரண சூட்டா என்று சொல்லுவான்.

ஒரே உடம்பு என்றால் சும்மா வாய்ப்பேச்சுக்கு இல்லை. நான் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கினவன். பீரோவைத் தனியாளாக மாடிக்கு முதுகில் ஏற்றியிருக்கிறேன். அந்தத் தோள் அவனுக்கு அப்படியே வந்தது. கொடியில் காயும் சட்டையில் எது அப்பன் சட்டை எது மகன் சட்டை என்று என் பெண்சாதிக்கே தெரியாது. காலரை மோந்து பார்த்துத்தான் பிரிப்பாள். அவள் செத்த வருஷம்தான் அவன் கப்பலேறினான். இடையில் வந்துபோனது இரண்டு தடவையோ என்னவோ, அதுவும் கடைசியாக வந்து ரொம்ப நாளாகிறது.

கடைக்காரர் என் மார்பில் டேப்பைச் சுற்றி, "முப்பத்தெட்டு," என்றார்.

"டேப்பைக் கொடுங்க."

"ஏன் ஐயா?"

"துணிக்கடை டேப்பை நம்பிக் கெட்டவன் ஊர்ல நிறைய பேர் இருக்கான்."

கொடுத்தார். நானே சுற்றி அளந்தேன். அதே சனியன்தான் வந்தது. "என் பையன் அளவு நாப்பத்தி நாலு. அதை எடுங்க," என்றேன். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்து வந்தார். ஹாங்கரில் தொங்கியபோது அந்தக் கோட்டு ஆள் மாதிரி இருந்தது. என்மேல் வந்ததும் துணியாகிவிட்டது.

எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் தெரிந்த விதம் வேறு. பெல்ட்டில் ஓட்டை போதாமல் ஆணி வைத்து அடித்தபோது, மட்டத் தோல், இழுத்துப்போச்சு என்று விற்றவனைத் திட்டினேன். சட்டை தொளதொளத்தபோது சோப்பைச் சந்தேகப்பட்டேன். காலையில் பொங்கினதையே ராத்திரியும் சூடுபண்ணித் தின்று, பாதியைக் கொட்டிவிட்டுப் படுக்கிறவன், தன்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும்தான் சந்தேகப்படுவான். வீட்டில் இன்னொரு ஆள் இருந்தால், "யோவ், சட்டை பெருசாகல, நீதான் சிறுத்துட்டே," என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கும். சுவர் சொல்லுமா?

கடைக்காரர் என் பின்னால் போய், கோட்டின் மிச்சத்தை முதுகில் கொத்தாகப் பிடித்து, வரிசையாகக் கிளிப் மாட்டினார். முன்னால் கண்ணாடியில் கோட்டு கச்சிதமாக உட்கார்ந்தது.

"இது ஏமாத்து வேலை," என்றேன்.

"கண்ணாடிக்கு மட்டும்தான் ஐயா. ஜன்னல்ல நிக்கிற பொம்மைக்கும் இப்படித்தான் பண்றோம்."

"பண்ணுங்க. இன்னும் இறுக்கி மாட்டுங்க."

காரணம் இருக்கிறது. மகன் போன தடவை கூப்பிட்டபோதே குரல் சரியில்லை என்று பிடித்துக்கொண்டான். "நீங்க சரியா சாப்பிடலன்னு தெரிஞ்சா, வேலையை விட்டுட்டு அங்க வந்து உக்காந்துடுவேன்," என்றான். சொன்னால் செய்வான், என் பிடிவாதம். கல்யாணம் பண்ணிக்கொள்ளப்போகிற பெண் இருப்பது வேறு ஊர். அங்கே வீடு பார்த்தாகிவிட்டது. ஒரு கிழவனுக்காக அதெல்லாம் கவிழ வேண்டுமா?

முதலில் டக்சீடோ. கடைக்காரர் கண்ணாடிப் பக்கம் நின்று போனைப் பிடித்தார். மகன் தலைக்குப் பின்னால் குழாய் குழாயாகத் தெரிந்தது. இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"அப்பா, அசத்துறீங்க. உங்களுக்கே பொண்ணு பாத்துடலாம்."

"பாரு. காது கேக்காதவளா பாரு. என் வாயைத் தாங்குவா."

"காலர் எப்படி இருக்கு?"

"எண்ணெய்ல விழுந்து எந்திரிச்ச மாதிரி மினுக்குது. கழுத்துல வேற பூனைக்குக் கட்டுற பட்டி."

"அதுக்குப் பேரு 'போ-டை', அப்பா. பொண்ணு வீட்டுல எல்லாரும் இதான் போடுவாங்க. மாமாவுக்கு ரொம்ப ஆசை."

"ஆசைப்பட்டா அவர் போட்டுக்கட்டும். கல்யாணம் அவருக்கா?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் அம்மாவுடையது, தும்மல் மாதிரி வரும். நான் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் கருநீல சூட்டு. உள்ளறையில் கடைக்காரரே கிளிப்பையெல்லாம் கழற்றி மறுபடி மாட்டிவிட்டார். அவர் விரல் சில்லென்றிருந்தது. விலா எலும்பில் பட்டதும் சட்டென்று எடுத்துக்கொண்டார். வெளியே வந்து நின்றேன்.

"திரும்பிக் காட்டுங்கப்பா."

"முதுகுல என்ன படமா ஓடுது? முன்னாடி பாத்தாப் போதும். சூட்டையே எடு. அந்த மினுக்கு ஒரு ராத்திரிக்குத்தான். இதுன்னா நாலு இடத்துக்குப் போட்டுப் போகலாம்."

"எனக்கும் இதுதாம்ப்பா மனசு. மாமாகிட்ட நான் சொல்லிக்கிறேன். இஞ்சின் ரூம்ல நான் எங்க சூட்டு போடப்போறேன்? கல்யாணம் முடிஞ்சதும் இது உங்களுக்கு. இதைப் போட்டுக்கிட்டுத்தான் என்னைக் கப்பலேத்திவிட வரணும். நமக்குத்தான் ஒரே அளவாச்சே."

கிளிப் இல்லாமல் இதைப் போட்டுக்கொண்டு அவன் எதிரில் நின்றால் குட்டு உடைந்துவிடும்.

"டக்சீடோவே எடு," என்றேன்.

"இப்பதானே சூட்டுன்னீங்க?"

"சொன்னேன். உன் மாமனாரை எதுக்குப் பகைச்சுக்கணும்?"

"நீங்க யாரையாவது பகைச்சுக்காம இருந்திருக்கீங்களா? அப்பா, திரும்புங்க."

"லைன் சரியில்ல. விட்டு விட்டு வருது."

"நல்லாத்தான் வருது. அண்ணே, கொஞ்சம் அப்பாவுக்குப் பின்னாடி போங்க."

கடைக்காரர் நகரவில்லை. என்னைப் பார்த்தார். அப்புறம் போனிடம், "சார், பின்பக்கம் இன்னும் தையல் முடியல. முடிச்சுட்டு போட்டோ அனுப்பறேன்," என்றார். கடைக்காரன் சொல்லுகிற எதையும் நான் நம்பினதில்லை. அவர் சொன்னதும் பொய்தான். ஆனால் எனக்காக ஒருத்தர் பொய் சொல்லிக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். மகனும், "சரிண்ணே," என்று சொல்லிவிட்டான். மெதுவாகச் சொன்னான், நம்பாமல். அதுவும் என் குணம்தான். இனி அவன் கேட்க மாட்டான். டக்சீடோ வரும், கல்யாணம் நடக்கும், பழைய சட்டைக்குள் நான் ஓர் ஓரத்தில் நிற்பேன், அவன் கப்பலேறிவிடுவான். நான் வீட்டுக்குப் போய் பெல்ட்டைத் திட்டிக்கொண்டிருப்பேன். என் முதுகைக் கடைசியாகப் பார்த்தது யார் என்று யோசித்தேன். தைலம் தேய்த்துவிட்ட என் பெண்சாதிதான்.

"போனை ஆட்டாம பிடிங்க," என்றேன் கடைக்காரரிடம்.

போனுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். எதிரே கடையின் பெரிய ஜன்னல். பொம்மைகள் தெருவைப் பார்த்து நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டிருந்தன. வெளியே போகிற ஒரு புருஷனும் பெண்சாதியும் நின்று அவற்றின் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் ஒவ்வொன்றின் முதுகிலும் கொத்துத் துணி, வரிசையாகக் கிளிப். நானும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவற்றோடு நின்றேன். பின்னால் போனிலிருந்து இஞ்சின் சத்தம் வந்துகொண்டே இருந்தது.