குரலுக்கு ஸ்டிக்கர் இல்லை

அந்த வீடியோவைப் போடும்போது செம்மல் சகல பாதுகாப்பும் செய்திருந்தான். ஊசி போட்டுக்கொள்ள வந்தவரின் முகம் இருந்த இடத்தில் மஞ்சள் ஸ்மைலி. கையில் பச்சை குத்தியிருந்த வேலின் மேல் ஒரு ரோஜாப்பூ. சுவரில் எழுதியிருந்த சுகாதார நிலையத்தின் பெயர்மேல் ஒரு கரடிப் பொம்மை. இவ்வளவும் ஒட்டிய பிறகு வீடியோவில் மிச்சம் இருந்தது ஒரு நாற்காலியும் ஊசித் தட்டும்தான். ‘நாய்க்கடிக்கு ஊசி கட்டாயம்! பயம் வேண்டாம்!’ என்று மேலே எழுதி இன்ஸ்டாகிராமில் ஏற்றிவிட்டு டீ குடிக்கப் போனான். தன்னைப்போல் பொறுப்பான நர்ஸ் பொன்னமராவதி வட்டாரத்திலேயே கிடையாது என்ற நினைப்பில், டீயில் சர்க்கரை இல்லாததுகூட அவனுக்குத் தெரியவில்லை.

சத்தத்தை மட்டும் அப்படியே விட்டிருந்தான்.

விடாமல் என்ன செய்வது? வீடியோவுக்கு உயிரே அதுதான். ஊசி நெருங்க நெருங்க, நாற்காலியில் இருந்தவர் பயத்தில் தன்னையறியாமல் வர்ணனை சொல்ல ஆரம்பித்திருந்தார்: “வருது வருது வருது... கிட்ட வந்துருச்சுய்யா! விலகு, விலகு! பக்கத்துல யாரும் நிக்காதீங்க! ஆத்தாடி... குத்திப்புட்டான்யா!”

சுற்றுவட்டாரத்தில் அந்தக் குரலை அறியாத காது கிடையாது. எந்த ஊரில் ஜல்லிக்கட்டு என்றாலும் மைக்கில் ஆத்மநாதன்தான். மாட்டைக் கண்டதும் தடுப்புக் கம்பியில் தொற்றிக்கொள்கிறவர்களைப் பார்த்து, “பச்ச பனியன் தம்பி, எறங்குங்க, மாடு வீட்டுக்குப் போயி தண்ணி குடிச்சிட்டு இருக்கு” என்று கிண்டலடித்தே பேர் வாங்கியவர். அவர் ஊசிக்கு அலறுவதைக் கேட்க ஊருக்கு முகம் எதற்கு?

செம்மல் டீயை முடிப்பதற்குள் டீக்கடைக்காரரே செல்போனை நீட்டினார். “பிரதர், நம்ம மைக் அண்ணன் கூத்தக் கேட்டீங்களா?”

விழுந்தடித்துக்கொண்டு அழித்தான். அழித்து என்ன பயன்? அதற்குள் ஒருவன் அதை ஒரு காளைமாட்டுப் படத்தோடு சேர்த்திருந்தான். இன்னொருவன் ரிங்டோன் ஆக்கியிருந்தான்.

மறுநாள் காலையில், சுகாதார நிலையத்தின் மூத்த நர்ஸான சந்தனமேரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனைப் பார்த்தார்.

“போடலாமான்னு அவருகிட்ட கேட்டியா?”

“நல்ல விசயத்துக்குத்தானே சிஸ்டர்...”

“நான் அதக் கேக்கல.”

“கேக்கல சிஸ்டர்.”

“அந்தக் கரடிப் பொம்மைய ஒன் செல்லு மேல ஒட்டியிருக்கலாம்.”

“என் வேலைக்கு ஏதும் வந்துருமா?”

“பாப்போம்” என்றார் சந்தனமேரி. டாக்டரிடம் போய் நின்றான். அவரும் “பாப்போம்” என்றார். அரசாங்கம் தனியாக ஒரு பயிற்சி வகுப்பு வைத்து இந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்திருக்குமோ என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது.

ஆனால் அடுத்த ஊசிக்கான நாள் வந்து, ஆத்மநாதன் வராமல் போனதும், அவனுக்குத் தன் வேலையைப் பற்றிய நினைப்பே போய்விட்டது. ஒரு ஊசி போட்டால் போதாது. மிச்ச ஊசிகளையும் போட்டாக வேண்டும். கடித்ததோ தெருநாய், அதற்கப்புறம் அதை யாரும் பார்க்கவில்லை. போன் அடித்தான். அவர் மனைவி மணிமேகலை எடுத்தார்.

“அவுக வெளியூரு போயிருக்காக.”

பின்னால் அந்தப் புகழ்பெற்ற குரல் இருமியது.

டூட்டி முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டான். ஆத்மநாதன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், சத்தமே இல்லாமல். சொந்த மைக்கைத் துண்டில் சுற்றி அலமாரிக்கு மேலே வைத்திருந்தார்.

“வாங்க தம்பி, இதையும் படம் புடிக்கிறீகளா?” என்றார் மணிமேகலை. “ஞாயித்துக்கெழம மைக்கப் புடிச்சி ‘வணக்கம்’னு சொல்ல வாயெடுத்தாக. மொத்தக் கூட்டமும் ‘ஆத்தாடி குத்திப்புட்டான்யா’ன்னு கத்துது. கீழ வச்சவுகதான்.”

“அண்ணே, தப்புத்தான்” என்றான் செம்மல். “வேணும்னா மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ...”

“இன்னொண்ணா?” என்று மணிமேகலை பாய்ந்தார்.

“இல்லீங்கக்கா. சரி, அண்ணே எனக்கு ஒரு ஊசி போடட்டும். நான் கத்துறேன். நீங்க படம் எடுங்க.”

எப்படிப்பட்ட இடத்திலும் எடுபடும் அவனுடைய வேடிக்கைப் பேச்சு அந்த வீட்டில் தரையில் விழுந்து கிடந்தது. யாரும் எடுக்கவில்லை.

“மிச்ச ஊசிக்கு வருவீங்களாண்ணே?”

“பாப்போம்” என்றார் ஆத்மநாதன், டிவியைப் பார்த்தபடியே.

செம்மல் அழையாமலே கீழே உட்கார்ந்தான். செல்போனை எடுத்து அணைத்து, மணிமேகலையிடம் கொடுத்தான்.

“நாள் தவறிருச்சேன்னு விட்டுறாதீங்க. நாளைக்கு வந்து போட்டுக்கலாம். போடாம விட்டு அந்த நோய் வந்துச்சுன்னா, தொண்டையில தண்ணி எறங்காது. வந்துட்டா எங்ககிட்ட மருந்து கெடையாது. யாருகிட்டயும் கெடையாது.”

“பயமுறுத்துறியா?”

“ஆமாண்ணே. எனக்கே பயமா இருக்கு.”

முதல் முறையாக அவர் திரும்பிப் பார்த்தார்.

“ஊரே பாக்குற எடத்துல நான் ஒரு நாளும் பயந்தது இல்ல” என்றார். “வாடிவாசல் பக்கத்துலயே மேடை. மாடு ஏறி வந்துருக்கு, நான் மைக்க விடல. ஆஸ்பத்திரிக்குள்ளதான் கொஞ்சம் கத்திக்கலாம்னு நெனச்சேன்.”

மணிமேகலை கொண்டுவந்து வைத்த மோரைச் செம்மல் ஓரமாக நகர்த்தி வைத்தான்.

“மன்னிக்க வேணாண்ணே” என்றான் கடைசியில். “என்னையத் திட்டுங்க, மேல எழுதிப் போடுங்க. ஊசிக்கு மட்டும் வருவீங்களா மாட்டீங்களா, ஒண்ணு சொல்லுங்க.”

ஆத்மநாதன் டிவியை அணைத்தார்.

“வாரேன். காலையில மொத ஆளா வாரேன். ஆனா ஒன் கையால போட்டுக்க மாட்டேன். சந்தனமேரி சிஸ்டர் போடட்டும். நீ அந்த ரூமுக்குள்ளயே நிக்கக் கூடாது. கதவச் சாத்திட்டு வெளிய நில்லு. உள்ள நான் கத்துவேன். நீ காதப் பொத்திக்க.”