சிரிக்காத கரடி

மகளின் தொண்டைச் சதையை எடுக்கும் சின்ன வேலைதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அதையே அவர் இன்னொரு முறை சொன்னபோதுதான் அவன் மனைவிக்குப் பயம் வந்தது. அறுவைச் சிகிச்சை வியாழக்கிழமை காலை.

வார்டுக்குப் பொறுப்பாக இருந்த நர்ஸ் வேறொன்றைக் கேட்டாள். "மயக்கம் தெளிஞ்சதும் வலி எவ்வளவுன்னு பாப்பா சொல்லுமா?"

"பேச மாட்டா" என்றான் அவன். "படக் கார்டுதான்."

"அதுக்கென்ன, எங்ககிட்டயும் இருக்கு." நர்ஸ் ஓர் அட்டையை நீட்டினாள். வட்ட முகங்கள் வரிசையாக இருந்தன. முதல் முகம் சிரித்தது, கடைசி முகம் அழுதது. மகள் அட்டையை வாங்கி, கவிழ்த்து மேசையில் வைத்தாள். வேண்டாம் என்பதற்கு அவளுடைய சொல் அது.

அவளுக்கு ஆறு வயது. உருண்டை சொன்னால்தான் கேட்பாள். உருண்டை ஒரு கரடிக்குட்டி. மனைவியின் அண்ணன் வரைந்தது. குளிக்கும் உருண்டை, தூங்கும் உருண்டை, ஊஞ்சலாடும் உருண்டை, காரில் போகும் உருண்டை. எது வேண்டுமோ அந்தக் கார்டை எடுத்துவந்து கையில் திணிப்பாள். வரைந்த மாமன் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டான். அடுத்த துறைமுகம் வரும்வரை அவனுடைய போன் எடுக்காது.

கார்டுகளில் வலி இல்லை. வலி வந்தால் அவள் அழவும் மாட்டாள். சுவரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்பாள். போன வருடம் கடைவாய்ப் பல் சொத்தையானது கன்னம் வீங்கிய பிறகுதான் வீட்டில் தெரிந்தது. அந்த வாரம் முழுக்க, பிள்ளை என்ன சமத்தாக இருக்கிறாள் என்று வந்தவர்கள் எல்லாம் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

"அங்கயும் இப்படித்தான் படுத்திருப்பா" என்றாள் மனைவி, வீட்டுக்குத் திரும்பும் வழியில். "நல்லாத் தூங்குறான்னு நினைச்சு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போயிடுவா. உள்ள ரத்தமே கசிஞ்சாலும் யாருக்குத் தெரியும்?"



அன்று மாலையே மனைவி ஒரு வழி செய்து பார்த்தாள். குளியல் கார்டை நகலெடுத்து, வாயை மட்டும் வெட்டித் தலைகீழாக ஒட்டினாள். சிரித்த உருண்டை அழுமூஞ்சி ஆனது. மகள் அதைப் பார்த்தாள், வாயைத் தொட்டாள், பிறகு கார்டை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவருகே போய் நின்றாள். தொட்டியும் நுரையும் அப்படியே இருந்தன. வாய் எப்படி இருந்தால் என்ன, அது குளியல்தான்.

"புதுசாத்தான் வேணும்" என்றாள் மனைவி. "தொட்டி இல்லாம, ஊஞ்சல் இல்லாம. ஆனா உருண்டையேதான். நீங்க கம்ப்யூட்டர்லதானே உக்காந்திருக்கீங்க நாள் பூரா?"

அவன் வேலை பார்த்தது விளம்பரப் பலகை அச்சடிக்கும் கடையில். எழுத்தை அடுக்குவான், படத்தை வெட்டுவான். வரையத் தெரியாது. பக்கத்து நாற்காலியில் இருந்தவனைக் கடையில் எல்லாரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். சொன்னதைப் படமாக்கித் தரும் ஏஐ மென்பொருளைக் கடைக்குக் கொண்டுவந்தவன் அவன்தான்.

"உன் கரடி யாருன்னு அதுக்குத் தெரியாதுடா" என்றான் கண்ணாடி. "கரடின்னா ஊர்ல இருக்கிற கரடியெல்லாம் வரும். நீ ஒரு லோரா பண்ணணும். படம் போடுற பெரிய ஏஐ மாடல் மேல ஒட்டிக்கிற சின்னக் கோப்பு. உன் கரடிப் படத்தையெல்லாம் காட்டு, ஒவ்வொண்ணுக்கும் கீழ என்ன இருக்குன்னு குறிப்பு எழுது, ஓட விடு. சுலபம்."

சுலபம் என்று கண்ணாடி சொன்ன எதுவும் இதுவரை சுலபமாக இருந்ததில்லை.

மதிய இடைவேளையில், முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்து ஓடவிட்டான். முதலில் வந்தது பழுப்புச் சேறு. கண் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மயிர் முளைத்திருந்தது.

கண்ணாடி எட்டிப் பார்த்தான். "பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சதுன்னு சொல்வாங்க. உனக்குக் கரப்பான்பூச்சியா முடிஞ்சிருக்கே! எந்த மாடல்ல பழக்கின? எந்த மாடல்ல ஓட்டுற?"

இரண்டும் வேறு வேறு. ஒரு பூட்டுக்குச் செய்த சாவியை இன்னொரு பூட்டில் விட்டுத் திருகியிருந்தான். மாற்றினான். மறுநாள் கரடி வந்தது. உருண்டையேதான், மஞ்சள் கழுத்துத்துணி உட்பட. ஆனால் எந்த இடத்தில் நிற்கச் சொன்னாலும் அதன் பின்னால் மரக்கோடுகள் ஓடின. வீட்டுச் சாப்பாட்டு மேசை. கார்டுகளை அதன்மேல் வைத்துத்தான் போனில் படம் எடுத்திருந்தான். கரடி என்றால் மேசையும் சேர்ந்ததுதான் என்று மாடல் புரிந்துகொண்டுவிட்டது. ஓரங்களை வெட்டி மறுபடி பழக்கினான்.

மேசை போனது. 'உருண்டை அழுகிறது, வலி' என்று எழுதிப் பொத்தானை அழுத்தினான்.

உருண்டையின் கண்ணிலிருந்து நீர் தாரையாக ஓடியது. வாய் காதுவரை சிரித்தது.

அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனான். மனைவி ஒரு பார்வை பார்த்துவிட்டு மடித்தாள். "இதை அவகிட்டக் காட்டாதீங்க. அழுதுக்கிட்டே சிரிக்குது, பேய் பிடிச்ச மாதிரி. ஆஸ்பத்திரியில இதைக் கொண்டுபோய்க் குடுத்தா நர்ஸ் என்ன நினைப்பா? பிள்ளைக்கு ரொம்ப சந்தோஷம்னா?"

செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. லோராவின் பிடி எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. அதைக் குறைத்துப் பார்த்தான். சிரிப்பு மங்கியது, கூடவே உருண்டையும் மங்கியது. காது கூர்மையானது, மூக்கு நீண்டது. பாதியில் நிறுத்திப் பார்த்தபோது, பார்ப்பவர்களுக்கு உருண்டையின் ஒன்றுவிட்ட தம்பி என்று தோன்றும்படி ஒன்று வந்தது. நம்பிக்கையோடு மகளிடம் நீட்டினான். அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கவிழ்த்து வைத்தாள்.

கூட்டினால் சிரிக்கிறது. குறைத்தால் வேறு யாரோ ஆகிவிடுகிறது. கூட்டினான், குறைத்தான். இணையத்தில் 'சோக முகம்' என்று கிடைத்த வேறொரு லோராவையும் அதன் மேல் ஏற்றினான். கரடிக்கு மனிதப் பல் முளைத்தது. வாடிக்கையாளர் ஒருவர் வந்து தன் பலகை எங்கே என்று கேட்டது காதில் விழவே இல்லை.

"டேய், அந்த ஆள் உன் முதுகைப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு" என்றான் கண்ணாடி. வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "நீ எழுதின குறிப்பைக் காட்டு."

'உருண்டை, தொட்டியில் குளிக்கிறது.' 'உருண்டை, ஊஞ்சலில்.' 'உருண்டை, மழையில் குடையோடு.'

"சிரிக்குதுன்னு எங்கயாவது எழுதினியா?"

"எதுக்கு எழுதணும்? அது எப்பவும் அப்படித்தானே இருக்கும்."

"அதான்டா. நீ எழுதினதெல்லாம் தனியா நிக்கும், வேணும்னா எடுக்கலாம், வைக்கலாம். எழுதாம விட்டதெல்லாம் கரடியோட ஒட்டிக்கும். மூக்கு மாதிரி சிரிப்பும் அதோட உறுப்புன்னு நினைச்சுக்கிச்சு." கண்ணாடி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். "குறிப்பு எழுதினாலும் முழுசாப் பத்தாது. சிரிக்காத படம் ஒண்ணுகூட இல்ல. சட்டியில இருக்கிறதுதானே அகப்பையில வரும்? தூங்கும்போதுகூடச் சிரிக்குது பார். யார் வரைஞ்சது?"

"மச்சான். நாங்க கேட்டதைத்தான் வரைஞ்சான்."

சொன்ன பிறகு அவன் திரையில் படங்களை முதலிலிருந்து தள்ளினான். என்னென்ன கேட்டார்கள் என்று நினைத்துப் பார்த்தான். குளிக்க வா, சாப்பிட வா, தூங்கப் போ. பிள்ளையிடமிருந்து கேட்க விரும்பியதற்கெல்லாம் கார்டு கேட்டிருந்தார்கள்.

மனைவி ஒட்டிய தலைகீழ் வாய்தான் கடைசியில் உதவியது. அதுபோலவே பாதிப் படங்களுக்குத் திரையில் வாயை மாற்றினான். சிலவற்றில் மூடிய வாய், சிலவற்றில் வளைந்த வாய், சிலவற்றில் இறுக்கிய கண். குறிப்புகளில் முதல்முறையாக முகத்தைப் பற்றியும் எழுதினான். முதலாளி வந்து பின்னால் நின்றதும் தெரிந்தது. திரும்பாமலே, "நாளைக்கழிச்சுப் பொண்ணுக்கு ஆப்பரேஷன் சார்" என்றான். முதலாளி, "மின்சாரம் போறதுக்குள்ள முடி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

புதன்கிழமை மதியம் வந்தது அது. இரண்டு கையாலும் தன்னையே கட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கி, வாய் கீழே வளைந்து நின்ற உருண்டை. ஒரு காது கொஞ்சம் பெரிது. அதற்கு மேல் தொட்டுப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

மகள் வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள். கழுத்துத்துணியை விரலால் தடவினாள். கவிழ்க்கவில்லை. மற்ற கார்டுகளோடு சேர்த்து வைத்தாள். மனைவி அவன் கையைப் பிடித்து அழுத்தினாள். கார்டு கிடைத்துவிட்டது என்ற நிம்மதி காபி ஆறும் நேரம்கூட நிற்கவில்லை.

"இதுக்கு அர்த்தம் வலின்னு அவளுக்கு யார் சொல்றது?" என்றாள் மனைவி.

குளியல் கார்டைக் கற்றுத்தரத் தண்ணீர் இருந்தது. இதற்கு என்ன செய்வது? பிள்ளையைக் கிள்ளிவிட்டுக் கார்டைக் காட்ட முடியுமா? மனைவி தன் உடம்பிலேயே காட்டினாள். கதவில் முழங்கையை இடித்துக்கொண்டு, "ஆ... வலி" என்று கார்டை எடுத்து முழங்கையில் வைத்தாள். கட்டில் காலில் விரலை இடித்து, கார்டை விரலில் வைத்தாள். பிறகு தலை, பிறகு வயிறு. மகள் ஒவ்வொன்றையும் கூர்ந்து பார்த்தாள். ஒருமுறை அவளே கார்டை எடுத்து அம்மாவின் தலையில் வைத்தாள்.

"புரிஞ்சிடுச்சு!" என்றாள் மனைவி. கண் கலங்கியது. உண்மையிலேயே முழங்கை கன்றிப்போயிருந்தது.

வியாழக்கிழமை காலை மகளை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே கொண்டுவந்தபோது வெளுத்துப்போயிருந்தாள். வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஒரு சிறுமி. அவளோடு அவளுடைய அத்தை. மகள் கண் விழித்தாள். அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி, அசையாமல் படுத்துக்கொண்டாள்.

"பாப்பா நல்லா அமைதியா இருக்கே" என்றாள் நர்ஸ்.

"இல்ல சிஸ்டர்" என்றான் அவன். "இது அமைதி இல்ல."

"மருந்து முன்னாடியே குடுத்திருக்கோம் சார். போதலைன்னா கூட்டலாம். போதுமா போதாதான்னு தெரியாம எப்படிக் கூட்டுறது?"

மனைவி கார்டுகளை மகளின் கைக்கருகே பரப்பினாள். விரல்கள் அவற்றின் மேல் ஊர்ந்தன. வலிக் கார்டை எடுத்தன. மகள் கார்டைத் தூக்கி, அம்மாவின் முழங்கையில் வைத்தாள்.

மனைவியின் முகம் வாடிவிட்டது. "எனக்கில்லம்மா... உனக்கு. உனக்கு வலிக்குதா?" கார்டை மகளின் தொண்டையில் வைத்தாள். மகள் அதை எடுத்து மறுபடி அம்மாவிடமே கொடுத்தாள். திரும்பவும் சுவர்.

அவனுக்குச் சட்டென்று புரிந்தது. கதவு, கட்டில் கால், தலை, வயிறு. எல்லாவற்றிலும் இருந்தது அம்மா மட்டும்தான். வேறு ஒருவரைக்கூட அவர்கள் காட்டவில்லை. சிரிப்பைப் போலவே அம்மாவும் கார்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்" என்றான். "இதை உங்க கையில வெச்சு, வலிக்குதுன்னு சொல்லுங்க."

நர்ஸ் விழித்தாள். "எனக்கு வலிக்கலையே சார்."

"சும்மா சொல்லுங்க."

"காலையிலிருந்து நிக்கிறேன். கால்னா சும்மா சொல்ல வேண்டியதே இல்ல." நர்ஸ் கார்டைக் குதிகாலில் வைத்து, "அம்மாடி, வலி" என்றாள். அவன் வாங்கித் தன் முதுகில் வைத்தான். பிறகு பக்கத்துக் கட்டிலுக்குப் போனான். அங்கிருந்த அத்தை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். எதுவும் கேட்காமல் வாங்கி, "எனக்கு மூட்டு" என்று முழங்காலில் வைத்தாள். "இவளுக்கு இங்க" என்று கட்டிலில் இருந்த சிறுமியின் கட்டுப்போட்ட மணிக்கட்டில் வைத்தாள். அந்தச் சிறுமி, "ரொம்ப வலி" என்று முகத்தைச் சுளித்தாள்.

மகள் திரும்பியிருந்தாள். கண்கள் கார்டு போன இடமெல்லாம் போயின: குதிகால், முதுகு, முழங்கால், மணிக்கட்டு. கையை நீட்டினாள். அத்தை கார்டைக் கொடுத்தாள்.

மகள் உருண்டையைத் தன் தொண்டையருகே கொண்டுபோனாள். அங்கே வைக்கவில்லை. இன்னும் மேலே தூக்கி, இடது காதின் மேல் வைத்து அழுத்தினாள். அழுத்தியபடியே இருந்தாள்.

"காதா?" என்றாள் மனைவி. "ஆப்பரேஷன் தொண்டையிலதானே... இன்னும் புரியலைங்க அவளுக்கு."

நர்ஸ் குனிந்து பார்த்தாள். "நீங்க காதுன்னு சொல்லிக் குடுத்தீங்களா?"

"இல்ல. யாருமே சொல்லல."

"தொண்டைச் சதை எடுத்தா காதுலதான் போய் வலிக்கும். பேசுற பிள்ளைங்களும் இதைத்தான் சொல்லும்." நர்ஸ் நிமிர்ந்து, மேசை மேலிருந்த அட்டவணையை எடுத்தாள். "இதோ டாக்டரைக் கேட்டுட்டு மருந்தோட வரேன். அதுவரைக்கும் கார்டை அவகிட்டயே விடுங்க, வாங்காதீங்க."

நர்ஸ் குதிகாலை அழுத்தி ஊன்றாமல் வேகமாக நடந்து போனாள். மனைவி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மகளின் கையின் மேல் தன் கையை வைத்தாள்.