முழுத் தோட்டமும்

மெல்பேர்னின் புறநகரான கிளேட்டனில் மளிகைக் கடை நடத்தும் கல்யாணசுந்தரம் சென்னை வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. பேரம் பேசாமல் அவர் வாங்கிய ஒரே பொருள் விமான டிக்கெட். அதிலும் ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்கிவிட்டார்.

2012 பிப்ரவரியில் நாகபூசணி என்ற யாழ்ப்பாணத்துப் பெண் ஒரு பை கத்தரிக்காயுடன் கடைக்கு வந்தார்.

"அண்ணை, ஷெப்பர்ட்டன்ல நானும் அவருமாத் தோட்டம் செய்யிறம். கத்தரி நல்லாக் காய்க்குது. எடுப்பியளோ?"

குழாயடியில் நாலு செடி என்று நினைத்த கல்யாணசுந்தரம் விலையை நன்றாக அடித்துக் குறைத்தார். "சீசன் முடியுற வரைக்கும் தோட்டத்துல காய்க்கிறது மொத்தமும் எனக்குத்தான். வேற யாருக்கும் குடுக்கக் கூடாது."

"முழுத் தோட்டமுமோ?"

"முழுத் தோட்டமும். வாக்குன்னா வாக்கு."

அடுத்த செவ்வாய்க்கிழமை கடையின் பின்புறத் தெருவை அடைத்துக்கொண்டு லாரி நின்றது. உள்ளே கூரைவரை கத்தரிக்காய்ப் பெட்டிகள். முன்சீட்டிலிருந்து நாகபூசணி இறங்கினார்.

"என்னம்மா இது? தோட்டம்னுதானே சொன்னீங்க!"

"ஓம், தோட்டந்தான். பதினைஞ்சு ஏக்கர்."

"மெட்ராஸ்ல தோட்டம்னா பூச்செடிம்மா! திருப்பி எடுத்துட்டுப் போங்க."

நாகபூசணி சத்தம் போடவில்லை. "உங்கட சொல்லை நம்பி மார்க்கெட்காரரை வரவேண்டாம் எண்டிட்டன். நீங்கள் எடுக்காட்டி இது அழுகும். நாளைக்குக் காய் ஆய வாற சனத்தையும் நிப்பாட்டோணும்."

"அவங்க பக்கத்துல இருக்கிற பெரிய கம்பெனிப் பண்ணைக்குப் போகட்டும்."

"அங்க ஆயிறது மெசின். பெட்டி, உரம், மெக்கானிக் எல்லாம் மெல்பேர்னில இருந்து வரும். எங்கட டிராக்டர் பழுதானாத்தான் ஊர் மெக்கானிக்குக்கு வேலை. எங்களைமாதிரிக் குடும்பத் தோட்டங்கள் படுத்தா ஊரில பேக்கரியும் பூட்டவேண்டியதுதான், அண்ணை."

கடைத்தெருவில் வளர்ந்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. நாகபூசணிக்கு ஒரு டீயைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டுப் போனை எடுத்தார். முதலில் கிரெய்கிபர்னில் கடை வைத்திருக்கும் ராகவேந்திரா.

"என்னய்யா, திடீர்னு கத்தரிக்கா மொத்த வியாபாரம்?"

"திடீர்னா? தோட்டத்தையே பேசி முடிச்சிருக்கேன். இந்தச் சீசன்ல இந்தக் காய் வேணும்னா என்கிட்டதான் வரணும்."

"விலை ஜாஸ்தி சொல்றே."

"அப்ப விடு. அடுத்த ஆள் லைன்ல இருக்கார்."

அடுத்த ஆள் யாரும் லைனில் இல்லை. ராகவேந்திரா அவசரமாக நாற்பது பெட்டி சொன்னார். அதன்பிறகு ஒவ்வொரு கடையாக அழைத்து, அதட்டி, சிரித்து, கோபித்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் லாரியைக் காலி செய்துவிட்டார்.

நாகபூசணி கணவரை அழைத்தார். "ஓம், எல்லாம் வித்து முடிஞ்சுது. நாளைக்கு ஆக்களை வரச்சொல்லுங்கோ."

போனை வைத்துவிட்டு, அவர் எழுந்து போகாமல் நாற்காலியைக் கல்லாவுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டார்.

"அண்ணை, நீங்கள் போனில சொன்ன விலையள் எனக்கும் கேட்டது. அடுத்த லொறிக்குக் கொஞ்சம் கதைப்பமோ?"

கல்யாணசுந்தரம் சந்தோஷமாக இன்னொரு டீ போடச் சொன்னார்.